புதுப்பிப்பு: 13.6 விநாடி 13.1 ஆகிவிட்டது

போன மாதம் பந்தயத் தடத்தில் என் மஸ்டாங் கார் நேர்கோட்டில் கால் மைலை ஓட 13.6 விநாடி எடுத்ததைச் சொல்லி, ஏன் இவ்வளவு நேரம், எஞ்சினில் கோளாறா என்று கேட்டிருந்தேன். எஞ்சினில் ஒன்றுமில்லை. விடை, ஓட்டம் முடிந்ததும் தடத்தில் கொடுக்கும் நேரச் சீட்டிலேயே இருந்திருக்கிறது. முடிவுக்கோட்டில் வேகம் மணிக்கு 108 மைல். அப்படியென்றால் சக்தி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் 60 அடிக்கு 2.3 விநாடி! டயர் வழுக்கிச் சுற்றியதிலேயே நேரம் போய்விட்டது.

இந்தச் சனிக்கிழமை, பந்தய டயரைச் சுழற்றிச் சூடாக்குவதற்காகத் தரையை நனைத்து வைத்திருக்கும் இடத்தில் இறங்காமல் சுற்றிக்கொண்டு போனேன். சாதாரண டயரின் பள்ளங்களில் ஏறும் தண்ணீர், கிளம்பும் இடத்தில் வந்து சொட்டி டயரை வழுக்க வைக்கும். பிடிப்புக் கூடட்டும் என்று பின் டயர் காற்றழுத்தத்தை 35 psi-யிலிருந்து 27க்கு இறக்கினேன். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கவில்லை. 60 அடி 2.0 ஆனது, மொத்தம் 13.1. தொடக்கத்தில் மிச்சம் பிடிப்பது கடைசியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் திரும்பி வருகிறது.

அப்புறம், பச்சை விளக்குக்குத் தாமதமாகக் கிளம்பினால் இந்த நேரம் கெடுமா என்று கேட்டவர்களுக்கு: கெடாது. முன்சக்கரம் தொடக்கக் கோட்டில் குறுக்கே பாயும் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். பக்கத்துக் காரிடம் தோற்கலாம், அது வேறு விஷயம்.

இருட்டிக் காற்று குளிர்ந்ததும் கடைசி ஓட்டத்தில் முடிவுக்கோட்டு வேகம் மணிக்கு 109 மைல் வந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, எஞ்சினுக்கு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும்.