ஊர் மாறினால் தண்ணீரும் மாறும்: குடிபோன இடத்தில் சுங்குடி

(நாலு பேர் மாறி மாறி எழுதியது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கோராத்துணி

மதுரையிலிருந்து சென்னை, கோவை, பெங்களூரு என்று குடிபோகும் சௌராஷ்டிரக் குடும்பங்களில், சுங்குடி, அதாவது துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுக்கும் சேலை, கட்டுவதைக் கைவிட மனசில்லாதவர்கள் நிறையப் பேர். போன இடத்தில் முதல் சேலை மங்கலாக வந்து, வெள்ளைப் புள்ளிகளும் கலங்கிப் போனதும், கைப்பழக்கம் விட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறை தண்ணீரில்தான் இருக்கும். வைகைத் தண்ணீரில்தான் நிறம் எடுக்கும் என்று மதுரைச் சாயக்காரர்கள் சொல்லிவருவது வெறும் ஊர்ப்பாசம் இல்லை.

புது வீட்டில் சாயம் வாங்குவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர், கொஞ்சம் பார்சோப்புச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். நுரை எழாமல் வெள்ளைத் திரி திரியாக வந்தால் கடினநீர். சாயம் பிடிப்பதற்காகப் போடும் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட் தூள்) அதில் விழுந்ததும் சுண்ணாம்பு பிரிந்து துணியில் படியும். அந்த இடத்தில் சாயம் ஏறாது, திட்டுத் திட்டாக நிற்கும். சாயத் தண்ணீரின் கடினத்தன்மை 50 பிபிஎம்-க்குள் இருந்தால் நல்லது. டிடிஎஸ் மீட்டரை நம்ப வேண்டாம், அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கடினத்தன்மைக்கென்றே தனிச் சோதனைப் பட்டை கிடைக்கிறது.

மாற்று வழி, பிடித்துவைத்த மழைத் தண்ணீர். இல்லையென்றால் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் என்ற, கடினத்தன்மையைக் கட்டுப்படுத்தும் உப்பு. போர்த் தண்ணீரை ராத்திரி முழுக்க வாளியில் வைத்து, காலையில் மஞ்சள் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. அதில் மஞ்சளும் ரோஸும் அழுக்கேறியதுபோல் வரும். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சாயத்தொட்டி

சாயம், உப்பு, சோடா எவ்வளவு போட வேண்டும் என்று அளவு கேட்ட அக்காவுக்கு. 400 கிராம் பருத்தித் துணி, கொதிக்க வைக்காமலே பிடிக்கும் கோல்ட் பிராண்ட் (cold brand) எம் வகை ரியாக்டிவ் சாயம் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர நிறத்துக்குத் துணி எடையில் 2 சதவீதம், அதாவது 8 கிராம் சாயம். அடர் நிறத்துக்கு 16 கிராம். தண்ணீர் 8 லிட்டர், கல் இல்லாத தூள் உப்பு 400 கிராம், சோடா ஆஷ் 120 கிராம்.

சாயத்தை முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கரைத்து, வடிகட்டித்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். உப்பை மூன்று தவணையாக, அரை மணி நேரத்துக்குள் போடுங்கள். அதற்குப் பிறகுதான் சோடா. சோடாவை முதலிலேயே போட்டால் சாயம் நூலைப் பிடிக்காமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகும். சோடா போட்ட பின் ஒரு மணி நேரம், துணியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

சோடாவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டியாக, பளபளப்பாக வரும் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதே 120 கிராம் போட்டால் காரம் பத்தாது, நிறம் வெளுத்துவிடும். ஆப்பச் சோடா இதற்கு ஆகவே ஆகாது.

பெங்களூரு மார்கழியில் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போய்விடும். அந்தக் குளிரில் இந்தச் சாயம் சரியாகப் பிடிக்காது. வெந்நீர் கலந்து 30 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஆறாமல் மூடி வையுங்கள். மதுரையில் யாரும் இதை யோசித்ததே இல்லை, அங்கே வெயில் பார்த்துக்கொள்ளும்.

நூல்கண்டு

தொட்டிக்குப் போவதற்கு முன்னாலேயே பாதிச் சேலை கெட்டுப்போகிறது. கோராத் துணியில், அதாவது தறியிலிருந்து வந்த வெளுக்காத துணியில், கஞ்சி இருக்கும். லிட்டருக்கு 3 கிராம் சோடாவும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு அலசுங்கள். காய்ந்த பின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நொடியில் உள்ளே இறங்க வேண்டும். முத்துபோல் மேலேயே நின்றால் இன்னொரு கொதி.

முடிச்சுக்குத் துணியை மடித்துப் புள்ளி குறித்து, நகத்தால் ஊசிமுனை அளவு கிள்ளி எடுத்து, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, நூலை அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். கிள்ளும் அளவு கூடினால் புள்ளி சிதறிப் பூதாகாரமாக வரும். சுற்று தளர்ந்தால் சாயம் உள்ளே கசியும். பழகாத கை, நூலில் லேசாக மெழுகு தேய்த்துக்கொள்வது நல்லது. வெறும் பருத்தி நூல் சாயத்தை உறிஞ்சி முடிச்சுக்குள்ளே கொண்டுபோய்விடும்.

இரண்டு நிறம் என்றால் வெளிர் நிறம் முதலில். மஞ்சளில் முக்கிக் காயவைத்து, மஞ்சளாக நிற்க வேண்டிய புள்ளிகளைக் கட்டி, பிறகு சிவப்பு. மஞ்சள் மேல் நீலம் போட்டால் சேலையின் அடிநிறம் பச்சையாகிவிடும் என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆசையில் ஈரத்தோடு அவிழ்ப்பது. பிடிக்காத சாயம் துணியிலேயே தங்கியிருக்கும். அவிழ்த்ததும் அது வெள்ளையில் ஏறும். கட்டோடு குளிர்ந்த தண்ணீரில் நாலைந்து தடவை அலசி, சோப்பில் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, தண்ணீர் தெளிந்த பிறகு காயப்போடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குறுக்கே இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். அந்தச் சத்தம் கேட்ட வீட்டில் அன்றைக்கு எல்லோர் முகத்திலும் சிரிப்புதான்.

தெப்பக்குளம்

இதை வியாபாரமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது அந்தப் பகுதிக்குரிய பெயர். கோவையில் கட்டிய சேலையில் அந்தப் பெயரை ஒட்டி விற்கக் கூடாது. கையால் முடிச்சுப் போட்ட சேலை என்றே எழுதுங்கள். இஸ்திரி போடாமல் காட்டினால் புள்ளிதோறும் துணி சுருங்கி நிற்கும். அச்சடித்ததில் அந்தச் சுருக்கம் வராது.

இரண்டாவது, கழிவுநீர். மேலே சொன்ன ஒரு தொட்டியிலேயே 400 கிராம் உப்பு போகிறது. திருப்பூரில் 2011-ல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நொய்யல் ஆறு கெட்டதால்தான். குடியிருப்பு வீட்டில் தொழிலாகச் சாயம் போடாதீர்கள். முடிச்சு மட்டும் வீட்டில் கட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியுள்ள பட்டறைக்கு அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது "கட்டோடு அலசித் தரவும்" என்று சீட்டில் எழுதி வைக்க வேண்டும்.

கோராத்துணி

தெப்பக்குளம் சொன்னபடி பிரித்துச் செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஊர் விட்டு ஊர் போவது சௌராஷ்டிரச் சமூகத்துக்குப் புதிதில்லை. குஜராத் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக நகர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரை அரண்மனையைச் சுற்றிக் குடியேறியவர்கள். மந்தசோர்க் கல்வெட்டில் இன்னும் பழைய செய்தி ஒன்று உண்டு. லாட நாட்டிலிருந்து (தெற்கு குஜராத்) தசபுரம் (இன்றைய மந்தசோர், மத்தியப் பிரதேசம்) போன பட்டு நெசவாளர்கள் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டி, பொ.ஆ. 473 வாக்கில் அதைப் பழுதுபார்த்தார்கள். சிலர் வில்வித்தை, சோதிடம் என்று போக, மற்றவர்கள் தறியிலேயே இருந்தார்கள். அவர்கள்தான் நம் முன்னோர் என்று சொல்பவர்கள் உண்டு. அது உறுதியான வம்சக் கணக்கில்லை. ஆனாலும் தொழிலோடு இடம் பெயர்ந்தவர்கள் கோயில் கட்டும் அளவுக்கு அந்த ஊரில் வேரூன்றினார்கள் என்று கல்லிலேயே இருக்கிறது.

சௌராஷ்டிரம் பேசுபவர்கள் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர். முடிச்சுக் கட்டும்போது கை ஓடும், வாய் சும்மா இருக்கும். பிள்ளைகள் காதில் வீட்டுமொழி விழுவது அந்த நேரத்தில்தான். அதனால் தனியாக உட்கார வேண்டாம். அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சேலையை நாலாக மடித்தால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கட்டலாம். இரண்டு கையின் இறுக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் ஒரு கைக்குட்டையில் சாயம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.