குடும்பக் குழு: நல்லூருக்கு எங்கிருந்து ஏறுவது?

பெரியம்மா: யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு இந்த வருடம் போயே ஆக வேண்டும். திருச்சியிலிருந்து சென்னை போய் விமானம் ஏறலாம் என்கிறார் உங்கள் பெரியப்பா. அவ்வளவு நேரம் ரயிலில் உட்கார முழங்கால் தாங்காது.

சென்னை மாமா: இங்கே வாங்க அக்கா. ஒரு நாள் தங்கி நிதானமாகப் போகலாம்.

நான்: திருச்சியிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டிருக்கிறார்கள் மாமா. 2025 மார்ச் கடைசியில் இண்டிகோ தொடங்கியது. நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 185 கி.மீ. சென்னையிலிருந்து என்றால் 355.

பெரியப்பா: 185 தானா? சென்னைக்குப் போய்ச் சேரவே 330 கி.மீ. ஆகுமே!

தங்கை: ஆனால் திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம் போல, சென்னையிலிருந்து ஒரு மணி இருபது நிமிடம் போலக் காட்டுகிறது. தூரம் பாதி, நேரம் ஏன் பாதியாகவில்லை?

அண்ணன்: டிக்கெட்டில் போடுவது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. நிற்கும் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, திரும்பி வரிசை பிடித்து இறங்குவது, இதெல்லாம் கிட்ட இருக்கும் ஊருக்கும் உண்டு, தூரத்து ஊருக்கும் உண்டு. நடுவில் நேராகப் பறக்கும் நேரம்தான் கூடும். இந்த வழியில் ஓடும் ஏடிஆர் என்ற சின்ன விமானம் மணிக்கு 500 கி.மீ. போகும். மிச்சம் 170 கி.மீ.க்கு இருபது நிமிடம். கணக்கு சரிதானே?

தங்கை: சரி, புரிந்தது.

பெரியம்மா: ஏடிஆர் என்றால் விசிறி வைத்ததா? பயம் இல்லையே?

அண்ணன்: பயமே வேண்டாம் பெரியம்மா. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் ஓடுபாதை நீளம் குறைவு, அதற்கு இதுதான் தோது. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதையும் மறைக்காது. ஜெட்டைவிடத் தாழ்வாகத்தான் பறக்கும். மேகம் இல்லாவிட்டால் வயல், பாக் நீரிணை, அப்புறம் குடாநாடு என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

பெரியப்பா: இது புது வழியே இல்லை. 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, பலாலிக்குப் பக்கத்துக் காங்கேசன்துறையைத் தொட்டுத்தான் மெட்ராஸ் வந்தது. போர்க் காலத்தில் எல்லாம் நின்றுபோயிற்று. 2019 அக்டோபரில்தான் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது. அதுவரை யாழ்ப்பாணத்துக்காரர் திருச்சிக்கு வர வேண்டுமானால், தெற்கே 400 கி.மீ. கொழும்புக்குப் போய் அங்கிருந்து திரும்ப வடக்கே பறக்க வேண்டும். வைத்தியத்துக்கு வந்தவர்களும் அப்படித்தான் அலைந்தார்கள். எனக்கு அதுதான் மனசு கேட்காது.

நாகை சித்தி: எங்கள் ஊரிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறதே அக்கா? நாலு மணி நேரம்தான்.

பெரியம்மா: அலை எனக்கு ஒத்துக்காது அம்மா. நீ கப்பலில் வா, அங்கே பார்ப்போம்.

சென்னை மாமா: அப்போது நீங்கள் திருச்சியிலேயே ஏறுங்கள் அக்கா. நாங்கள் இங்கிருந்து வந்து பலாலியில் சேர்ந்துகொள்கிறோம்.

நான்: நல்லது. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். பலாலியிலிருந்து நகரம் 16 கி.மீ. போல, வண்டி சொல்லிவிடலாம். சின்ன விமானம், பெட்டி எடையை டிக்கெட்டில் பார்த்துக் கட்டுங்கள். இலங்கை போக இணையத்தில் வாங்கும் பயண அனுமதியை (இடிஏ) நான் எடுத்துவிடுகிறேன். பாஸ்போர்ட் படத்தை மட்டும் குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

பெரியம்மா: அனுப்பிவிட்டேன். ஜன்னல் ஓரமாகப் போடு.