ஆலங்கட்டியில் உடைந்த கூரை: என்ன செலவாகும்?

வணக்கம் நண்பர்களே. சிராங்கூன் பக்கம் எங்கள் அண்ணன் வீடு, ஓட்டுக்கூரை போட்ட பழைய தரைவீடு. போன வாரப் புயல்மழையில் ஆலங்கட்டி விழுந்து சில ஓடுகள் விரிசல் விட்டுவிட்டன, கார் நிற்கும் இடத்துப் பாலிகார்பனேட் கூரையும் ஓட்டை. சிங்கப்பூரில் ஆலங்கட்டியா என்று சிரிக்காதீர்கள், 2013 ஜூனிலும் மேற்குப் பகுதியில் விழுந்ததே!

ஒரு குத்தகையாளர் உடைந்த ஓடுகளை மட்டும் மாற்ற 2,600 வெள்ளி என்கிறார். இன்னொருவர் அடியில் இருக்கும் நீர்த்தடுப்பு விரிப்பும் போய்விட்டது, எல்லாவற்றையும் பிரிக்கணும், 14,000 என்கிறார். மேலே ஏறிக்கூடப் பார்க்கவில்லை மனுஷன்! சாரம் கட்டும் கூலி இதில் சேருமா, தனியா? 3 மீட்டர் உயரத்துக்கு மேல் வேலை என்றால் அனுமதி முறை இருக்கிறதே, அதையும் கணக்கில் ஏற்றுவார்களா?

அப்புறம், வீட்டுக் காப்புறுதியில் இதைக் கோரியவர்கள் யாராவது உண்டா? படங்கள் எடுத்து வைத்திருக்கிறோம். இப்போதைக்குத் தார்ப்பாய்தான். நம்பகமான ஆள் தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், மழை நிற்கிற மாதிரித் தெரியவில்லை.