மலச்சிக்கலோடு ரத்தமும் வருகிறது, மூலம்தானா?

வான்மதி:
வணக்கம். இதை எழுதவே இரண்டு நாள் தயங்கினேன், வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. எனக்கு வயது 38. மூன்று மாதமாக மலச்சிக்கல். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது, அதுவும் கல் மாதிரி இறுகி, முக்கி முக்கித்தான். மூன்று வாரமாக ரத்தமும் வருகிறது. நல்ல சிவப்பு, துடைக்கும்போது தெரியும், சில நாள் சொட்டுகிறது. போகும்போது உள்ளே கண்ணாடித் துண்டு கிழிப்பது போல ஒரு வலி, எழுந்து வந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு எரிச்சல் அடங்காது. அந்த வலிக்குப் பயந்தே, வந்தாலும் அடக்கிக்கொள்கிறேன். மூலம் என்று நானே முடிவு செய்து ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன், இரண்டு நாள் சுகமாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான்.

இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை. ரொம்ப அசதியாக இருந்ததால் போன மாதம் ரத்தப் பரிசோதனை செய்தேன், ஹீமோகுளோபின் 9.8. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், தினமும் போடுகிறேன். அப்போது மலச்சிக்கலைப் பற்றி டாக்டரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. மருந்தில்லாமல் சரியாகுமா? யாராவது இதை அனுபவித்திருந்தால் சொல்லுங்கள்.

கதிர்:
சகோதரி, நீங்கள் சொல்லும் அந்தக் கண்ணாடி வலி எனக்கு அத்துப்படி. எனக்கு வந்தது மூலம் இல்லை, பிஷர், அதாவது ஆசனவாய் ஓரத்தில் தோல் கிழிந்து ஏற்படும் வெடிப்பு. உள்மூலமாக இருந்தால் பெரும்பாலும் வலியே இல்லாமல் ரத்தம் மட்டும் சொட்டும் என்று எனக்கு வைத்தியம் பார்த்தவர் சொன்னார். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாமாம், அதனால் உங்களுக்கு இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அடக்குவதை மட்டும் இன்றைக்கே விடுங்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான். அடக்க அடக்கக் குடல் அதிலிருந்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இன்னும் இறுகும், அடுத்த முறை போகும்போது ஆறத் தொடங்கிய இடமே திரும்பக் கிழியும். வலியில் ஆசனவாய்த் தசை வேறு இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதனால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறவே ஆறாது. எனக்கு நான்கு மாதம் இழுத்தது. கடைசியில் தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள், கூடவே மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்து. ஆறு வாரத்தில் ஆறிவிட்டது, ஆபரேஷன் தேவைப்படவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் இடுப்பு நனைய உட்காருங்கள், குறிப்பாகப் போய் வந்த உடனே. அந்த ஒரு மணி நேர எரிச்சல் பாதியாகக் குறையும்.

செவிலி மா:
அறுவைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். கதிர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் வான்மதி, நீங்கள் இரண்டாவது பத்தியில் ‘சம்பந்தம் உண்டா’ என்று கேட்ட விஷயத்தில்தான் என் கண் நிற்கிறது.

முதலில், இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். மலச்சிக்கல் மூன்று மாதம், மாத்திரை ஒரு மாதம் என்பதால் அது ஆரம்பித்து வைக்கவில்லை, ஆனால் ரத்தம் வரும் அளவுக்கு மோசமாக்கியிருக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா, வேறு வகைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள், பலருக்கு அப்படி மாற்றித் தருவார்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். பிஷரில் வரும் கொஞ்ச ரத்தத்தால் ஹீமோகுளோபின் 9.8-க்கு இறங்குவது வழக்கமில்லை. மாதவிலக்கில் அதிகம் போகிறதா? உங்கள் வயதில் அதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆனாலும் ரத்தசோகை, ஆசனவாய் வழியாக ரத்தம், மூன்று மாதமாக மாறிப்போன மலப்பழக்கம், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும்போது ஒரு டாக்டர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை, பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், அது சகஜம். தார் போலப் பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் அது வேறு. அப்படிப் போனாலோ, ரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, தலைசுற்றினாலோ, வயிறு உப்பி வாந்தியோடு வாயுகூடப் பிரியாமல் நின்றாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அதுவரை நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும். இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூளை எடுத்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். காலைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் போய் உட்காருங்கள். மேலைக் கழிப்பறை என்றால் காலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முட்டி இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லையா, எழுந்துவிடுங்கள், முக்க வேண்டாம். போனை உள்ளே கொண்டுபோகாதீர்கள். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் போடக் கூடாது, தோல் மெலிந்துவிடும்.

நிலவன்:
செவிலி அம்மா சொன்னதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். என் அண்ணன் ஒன்றரை வருடம் மூலம் என்று சொல்லிக்கொண்டு தானே களிம்பு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மூலமும் உண்மையிலேயே இருந்தது, அதுதான் எங்களை ஏமாற்றியது. உடம்பு மெலிந்து, போய் வந்தும் இன்னும் போக வேண்டும் போல ஒரு உணர்வு விடாமல் இருந்த பிறகுதான் கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்தோம். மலக்குடலில் கட்டி. இப்போது சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார், ஆனால் அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவர் சொன்ன காரணமும் உங்களுடையதுதான்: சொல்லக் கூச்சம். வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், எத்தனை நாளாக, என்ன நிறம், வலி உண்டா, என்னென்ன மாத்திரை, அவ்வளவுதான்.

வான்மதி:
எல்லோருக்கும் நன்றி. நிலவன் அண்ணா சொன்னது போல எழுதியே எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் படித்துவிட்டு ரொம்ப இயல்பாகத்தான் பேசினார், இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்தார். பிஷர்தான், பின்பக்க நடுவில். டில்டியாசெம் களிம்பும் மலம் இளக்கப் பொடியும் கொடுத்திருக்கிறார். மாதவிலக்கும் எனக்கு அதிகம்தான், இத்தனை நாள் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. இருந்தாலும் ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதால் கொலனோஸ்கோபி செய்துவிடலாம் என்றார், அடுத்த வாரம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கூட வருகிறார். முதல் நாள் மருந்து குடித்துக் குடலைக் காலி செய்வதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, இந்தப் புண்ணோடு அத்தனை முறை எப்படிப் போவது?

செவிலி மா:
போய்க் காட்டியது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், குடல் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். உங்களிடம் சொல்லவில்லை என்றால் போன் செய்து கேளுங்கள், இசப்கோலுக்கும் அப்படித்தான். முதல் நாள் போவது எல்லாம் தண்ணீராகத்தான் போகும், இறுகிய மலம் போல கிழிக்காது. துடைக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவி ஒற்றி எடுங்கள், ஒவ்வொரு முறைக்கும் முன்னாலேயே வாசலின் தடவிவிடுங்கள். கடைசியில் வெளிர்மஞ்சள் தண்ணீராகத் தெளிந்து போனால் குடல் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம்.