பெரியப்பாவை எரிக்கலாமா, சாம்பலைக் கடலில விடலாமா, 31ஆம் நாள் கிரியை எங்க செய்யிறது?

உப்புவெளி

வணக்கம். விசயம் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்கோ.

பெரியப்பா கத்தோலிக்கர். பெரியம்மா சைவம், கலியாணத்துக்குப் பிறகும் மாறேல்ல. பிள்ளைகள் மூண்டு பேரும் ஞானஸ்நானம் பெற்றவை. பெரியப்பா இப்ப கடும் சுகமில்லாமல் வீட்டில படுக்கையில இருக்கிறார், நினைவு மட்டும் தெளிவு. செத்தாப் பிறகு தன்னை எரிச்சு, சாம்பலைக் கோணேசர் கோவிலடிக் கடலில விடச் சொல்லுறார். கனடாவில இருக்கிற மூத்தவர் சாம்பலில ஒரு பங்கு தனக்கு வேணும் எண்டுறார். பெரியம்மாவின்ர சகோதரங்கள் செத்து 31ஆம் நாள் கிரியையைக் கன்னியா ஏழு கிணத்தடியில செய்ய வேணும் எண்டும், அதுவரைக்கும் துடக்கு (சாவுத் தீட்டு), கோவில் படி மிதிக்கப்படாது எண்டும் சொல்லுகினம். இதில எது சரி, எது பிழை? சுவாமியிட்ட (பங்குக் குருவிட்ட) போக முதல் நாங்கள் தெளிவா இருக்க வேணும்.

வேம்படி

கத்தோலிக்கரை எரிக்கவே கூடாது. எரித்தால் சுவாமி வரமாட்டார், சேமக்காலையிலும் (கல்லறைத் தோட்டத்திலும்) இடம் இல்லை. பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

நங்கூரம்

வேம்படி சொல்வது 1963க்கு முந்திய கதை. அந்த ஆண்டுதான் வத்திக்கான் அந்தத் தடையை எடுத்தது. இப்போது நடைமுறையில் உள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1176ஆம் இலக்கம் சொல்வது இதுதான்: அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்பிப் பரிந்துரைக்கிறது, ஆனால் எரிப்பதைத் தடுக்கவில்லை. ஒரேயொரு நிபந்தனை. "உயிர்ப்பு என்று ஒன்றும் இல்லை, அதைக் காட்டத்தான் எரிக்கச் சொல்கிறேன்" என்ற மாதிரி விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காக அதைக் கேட்டிருக்கக் கூடாது. இடமில்லை, செலவு, மனைவியின் ஆட்களின் வழக்கம், இப்படி எந்தக் காரணமும் பரவாயில்லை. எரித்த உடலைக் கடவுள் எப்படி எழுப்புவார் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடலில் மீன் தின்ற உடலையும் எழுப்புவார் என்றுதானே விசுவசிக்கிறோம்.

கவனிக்க வேண்டியது எரிப்பதை அல்ல, அதற்குப் பிறகு சாம்பலுக்கு என்ன நடக்கிறது என்பதை. 2016இல் வத்திக்கானில் இருந்து வந்த அறிவுறுத்தல் இதில் கண்டிப்பானது. சாம்பல் ஒரு புனித இடத்தில், சேமக்காலையிலோ கோவிலைச் சேர்ந்த இடத்திலோ இருக்க வேண்டும். காற்றிலோ நிலத்திலோ கடலிலோ தூவக் கூடாது. வீட்டில் வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்குள் பங்கு பிரிக்கக் கூடாது. பதக்கத்துக்குள் அடைத்துக் கழுத்தில் போடுவதும் கூடாது. காரணம் எளிது. இறந்தவருக்கு ஒரு இடமும் பெயரும் இருந்தால்தான் அவருக்காகச் செபிக்க யாராவது போவார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் வீட்டு அலுமாரியில் இருக்கும் பெட்டி யாருடையது என்றே தெரியாமல் போகும்.

மூத்தவரின் ஆசைக்கு ஒரு சின்ன வாசல் உண்டு. 2023 டிசம்பரில் இதைப் பற்றிய கேள்விக்கு வத்திக்கான் தந்த பதிலில், இறந்தவருடைய வாழ்வில் முக்கியமான ஒரு இடத்தில் சாம்பலின் மிகச் சிறிய பகுதியை வைப்பதைத் திருச்சபை அதிகாரம் பரிசீலித்து அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. இதுவும் பங்கு பிரிப்பது அல்ல. கேட்டு, பதில் வந்த பிறகுதான் செய்யலாம். ஆளுக்கு ஒரு டப்பா என்று பிரித்துவிட்டுப் பிறகு வந்து கேட்பதுதான் வழக்கமாக நடக்கிற பிழை.

கடல் விசயத்தில், சாம்பலைத் திறந்து கரைப்பது வேறு, மூடிய பாரமான பாத்திரத்தோடு முழுதாகத் தாழ்த்துவது வேறு. இரண்டாவதை அமெரிக்க ஆயர்கள் கடலடக்கமாக ஏற்கிறார்கள். இங்கே அதற்கு ஆயர் இல்லத்தின் சொல் வேண்டும். பெரியப்பாவுக்குக் கடல்தான் ஆசை என்றால், கடல் சத்தம் கேட்கும் சேமக்காலை நமது ஊரில் கிடைக்காதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவர் மாற்றிச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.

மணிக்கூண்டு

எல்லாரும் சாம்பலில நிக்கிறியள். அந்த மனுசன் இன்னும் உயிரோட, நினைவோட இருக்கிறார். இண்டைக்குச் செய்ய வேண்டியதை விட்டுட்டு 31 ஐப் பற்றி யோசிக்கிறது சரியில்லைத் தம்பி.

நாளைக்கே பங்குச் சுவாமியைக் கூப்பிடுங்கோ. நோயிற்பூசுதல் (நோயாளிக்குச் செபிச்சு எண்ணெய் பூசுற அருட்சாதனம்) எண்டால் "சுவாமி வந்தா ஆள் முடிஞ்சுது" எண்டு பயந்து, மூச்சு இழுக்கேக்க போன் பண்ணுற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இன்னும் போகேல்ல. இது சாகிறவருக்கு மட்டும் இல்லை. கடும் வருத்தம், பெரிய சத்திரசிகிச்சை, முதுமையால வாற தளர்ச்சி எல்லாத்துக்கும் குடுக்கலாம். சுகமாகித் திரும்ப விழுந்தாலும், அதே வருத்தம் கடுமையானாலும் திரும்பக் குடுக்கலாம். நினைவு தப்பின ஆளுக்கும் பூசலாம், ஆனா அவர் பாவசங்கீர்த்தனம் செய்ய ஏலாது, நற்கருணையும் விழுங்க ஏலாது. செத்திட்டார் எண்டு நிச்சயமாத் தெரிஞ்சால் பூசுதலே இல்லை, செபம் மட்டுந்தான். செத்திட்டாரோ எண்டு சந்தேகம் இருந்தால் பூசலாம். நினைவு தெளிவா இருக்கேக்க கூப்பிட்டால் மூண்டும் கிடைக்கும்: பாவசங்கீர்த்தனம், பூசுதல், வழியுணவாக (கடைசிப் பயணத்துக்கான உணவாக) நற்கருணை.

வீட்டில ஆயத்தம் பெரிசா ஒண்டும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவை), மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணி, ஒரு தேக்கரண்டி. எண்ணெயைச் சுவாமி கொண்டு வருவார். நெத்தியிலயும் ரெண்டு உள்ளங்கையிலயும் பூசுவார், அதனால கையில கனூலா (மருந்தேத்துற குழாய்), பிளாஸ்டர் இருந்தால் முதலே சொல்லுங்கோ. ஒட்சிசன் சிலிண்டர் ஓடுதெண்டால் மெழுகுதிரி கொளுத்தவே வேண்டாம், கொளுத்தாமல் வச்சாலும் ஒரு குறையும் இல்லை. விழுங்கக் கஷ்டமெண்டால் நற்கருணையில ஒரு சின்னத் துண்டு காணும், பிறகு தேக்கரண்டியால தண்ணி. நோயாளிக்கு ஒரு மணித்தியால உபவாசம் இல்லை, பக்கத்தில நிண்டு பார்க்கிற ஆளுக்கும் இல்லை. பாவசங்கீர்த்தன நேரம் எல்லாரும் அறையை விட்டு வெளியில போக வேணும். காது கேக்காத ஆளெண்டால் கத்திச் சொல்லாமல் சைகையால செய்யலாம், அதைச் சுவாமி பார்த்துக்கொள்ளுவார்.

பெரியம்மா பக்கத்திலேயே இருக்கலாம். சைவம் எண்டதால அவவை வெளியில அனுப்பத் தேவையில்லை.

நங்கூரம்

மணிக்கூண்டு ஐயா சொன்னதுதான் முதல் வேலை. நான் முந்தியே சொல்லியிருக்க வேண்டும்.

எரிப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. உடல் கோவிலுக்கு வந்து திருப்பலி முடிந்து, தீர்த்தமும் தூபமும் இட்டு விடைபெறும் செபமும் முடிந்த பிறகு எரிப்பதற்குக் கொண்டு போவதே நல்ல ஒழுங்கு. எரித்துவிட்டுச் சாம்பலைக் கோவிலுக்குக் கொண்டு வருவதை நிர்ப்பந்தம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அடக்கத் திருப்பலி பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும், திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்காக்கால ஞாயிறுகளிலும், கடன் திருநாள்களிலும் (பூசைக்குப் போவது கடமையான திருநாள்களிலும்) இல்லை. அந்த நாள்களில் செபவழிபாடு செய்து அனுப்பிவிட்டுத் திருப்பலியைப் பிறகு வைக்கலாம்.

பேஸ்மேக்கர் இருந்தால் எரிக்க முன் வைத்தியசாலையில் எடுத்துவிடச் சொல்லுங்கள், சூட்டில் அதன் மின்கலம் வெடிக்கும். கையில் கட்டும் உலோகச் செபமாலையையும் சுரூபத்தையும் பெட்டி மூட முன் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சாம்பல் சேர்ப்பது. விறகில் எரித்தால், காடாற்றில் (எரித்த பிறகு எலும்பு பொறுக்கும் சடங்கில்) நாலைந்து எலும்பைப் பொறுக்கி முட்டியில் போட்டுவிட்டு மிச்சத்தை அங்கேயே விடுவதுதான் சுடலையில் வேலை செய்பவர்களின் வழக்கம். உங்களுக்கு அது சரிவராது. எலும்பு அத்தனையும் சேர்த்துத் தரச் சொல்லி எரிக்க முதலே பேசி வையுங்கள், பிறகு சொன்னால் தண்ணீர் ஊற்றிக் கூட்டியிருப்பார்கள். வாயுத் தகனமேடையில் பெரியவர் ஒருவருக்குச் சாம்பல் ஏறக்குறைய இரண்டு, மூன்று கிலோ வரும், மூன்றரை லீற்றர் கொள்ளும் பாத்திரம் போதும். விறகென்றால் எலும்பு உடையாமல் பெரிதாக இருக்கும், கரியும் கலக்கும், இன்னும் பெரிய பானை வேண்டும். மூடியைச் சீமெந்தால் ஒட்டிப் பெயரும் திகதியும் எழுதுங்கள். குடும்பக் கல்லறை இருந்தால் அதிலேயே புதைக்கலாம். மேலோட்டமாகத் தோண்டிப் புதைத்தால் மாரி மழையில் மணல் அரித்துப் பானை மேலே வரும், இரண்டு அடியாவது தோண்டச் சொல்லுங்கள். எரிக்கப்பட்டவர்களின் பெயரைப் பங்கின் மரணப் பதிவேட்டில் எழுத மறந்துவிடுவார்கள். அதை நீங்களே கேட்டு எழுதுவியுங்கள்.

கன்னியா ரோட்

31 பற்றி நான் சொல்லுறன்.

கன்னியா ஏழு கிணத்தடியில அந்தியேட்டி (31ஆம் நாள் கிரியை) செய்யிறது சைவ ஆக்களின்ர வழக்கம். இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் எண்டு ஐதீகம். பெரியம்மாவின்ர சகோதரங்கள் தங்கட முறைக்கு அதைச் செய்ய விரும்பினால் அவையைத் தடுக்க வேண்டாம். பிள்ளைகள் கூடப் போய் மரியாதையா நிக்கலாம், சாப்பாட்டில சேரலாம். ஆனா தர்ப்பை போட்டுப் பிண்டம் வைக்கிறது, எள்ளுந் தண்ணியும் இறைக்கிறது, இதெல்லாம் கத்தோலிக்கர் செய்யக்கூடாது. அந்தச் சடங்கில உயிர் போற வழியைப் பற்றின நம்பிக்கையே வேற. அதை நம்பாமல் கையை மட்டும் அசைச்சால் அது அவைக்கும் அவமரியாதை. இதை முதலே மாமாமாரிட்ட இருந்து பேசுங்கோ. கிணத்தடியில ஐயர் "மூத்த பிள்ளை முன்னுக்கு வாங்கோ" எண்டு கூப்பிடேக்க தகராறு வரக்கூடாது. வாய்க்கரிசிக்கும் இதே கதைதான். அரிசிக்குப் பதிலா எல்லாரும் பூப் போடலாம், தீர்த்தம் தெளிக்கலாம் எண்டு சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளுவினம்.

கத்தோலிக்க முறையிலயும் மூண்டாம், ஏழாம், முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி பழைய வழக்கம். எங்கட ஊரில அது 31 எண்டு ஆகிப்போச்சு. அந்தச் சரியான நாளில வைக்காட்டி ஆன்மா அலையும் எண்டெல்லாம் ஒண்டும் இல்லை. வார நாளில வசதியில்லாட்டி முன்னப் பின்ன வையுங்கோ.

துடக்கு எங்களுக்குக் கிடையவே கிடையாது. அடக்கம் முடிஞ்ச அடுத்த ஞாயிறு பிள்ளைகள் பூசைக்குப் போகத்தான் வேணும், அது கடமை. பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் குடுக்கலாம், துடக்கு எண்டு தள்ளி வைக்கிறது பிழை. பெரியம்மா தன்ர கோவிலுக்குப் போகாமல் இருந்தால் அது அவவின்ர முறை, அதை விட்டுடுங்கோ.

உப்புவெளி

எல்லாருக்கும் நன்றி. சுவாமிக்குச் சொல்லியாச்சு, நாளைக்குப் பின்னேரம் வாறார். இன்னும் ரெண்டு கேள்வி. 31 பூசையை ஞாயிறு காலமை முழுக்க எங்களுக்கே எண்டு கேக்கலாமா? பெரியம்மாவின்ர தாய் முந்தியே செத்தவ, அவ சைவம். அவவுக்கும் பூசை ஒப்புக்குடுக்கலாமா?

நங்கூரம்

சைவராக இறந்தவருக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். உயிரோடு இருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு திருப்பலியை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது சட்டம் 901. அம்மம்மாவின் பெயரைக் கூச்சமில்லாமல் எழுதிக் கொடுங்கள்.

ஞாயிறு கொஞ்சம் சிக்கல். ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் பங்குத்தந்தை ஒரு திருப்பலியைத் தன் பங்கு மக்கள் எல்லோருக்காகவும் ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர். அந்தத் திருப்பலியைத் தனிக் கருத்துக்கு, அதாவது ஒரு குடும்பத்தின் வேண்டுதலுக்கு மட்டும், தர முடியாது. சுவாமி மறுத்தால் உங்களைப் பிடிக்காமல் மறுக்கவில்லை. பங்கில் ஞாயிறு இரண்டு திருப்பலி இருந்தால் மற்றதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் சனி அல்லது வார நாள்.

இன்னொன்று. ஒரு காணிக்கைக்கு ஒரு திருப்பலி, அதுதான் விதி. "பத்துப் பெயரை ஒன்றாக வாசிப்போம்" என்று கூட்டுக் கருத்தாக எடுப்பதானால் காணிக்கை கொடுப்பவருக்கு அதை முதலே சொல்லி அவருடைய சம்மதம் பெற வேண்டும். 2025 உயிர்ப்பு ஞாயிறு தொடக்கம் நடைமுறைக்கு வந்த வத்திக்கான் ஆணையும் இதையே வலியுறுத்துகிறது. உங்களுக்குத் தனித் திருப்பலி வேண்டுமென்றால் பெயர் கொடுக்கும்போதே "தனியாக" என்று சொல்லுங்கள். கையில் காசு இல்லாவிட்டாலும் கேளுங்கள். வறியவருக்குக் காணிக்கை இல்லாமலும் ஒப்புக்கொடுக்கச் சட்டமே குருக்களைத் தூண்டுகிறது.

மணிக்கூண்டு

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. அடக்கப் பூசையில சைவ உறவுக்காரர் வரிசையில வந்து நற்கருணையைக் கையில வாங்கி, என்ன செய்யிறதெண்டு தெரியாமல் கைலேஞ்சியில சுத்திக்கொண்டு போறது அடிக்கடி நடக்கும். பிழை அவையில இல்லை, சொல்லாத எங்களில. பூசை தொடங்க முதல் சுவாமியைக் கொண்டு ஒரு வரி சொல்லுவியுங்கோ: ஞானஸ்நானம் பெறாத ஆக்கள் இருந்த இடத்தில இருந்து செபிக்கலாம், ஆசீர் வேணுமெண்டால் ரெண்டு கையையும் நெஞ்சில குறுக்காக் கட்டிக்கொண்டு வரலாம். எண்டாலும் வரிசைக்குப் பக்கத்தில விசயம் தெரிஞ்ச ஒரு பொடியனை நிப்பாட்டுங்கோ. ஆரும் வாயில வைக்காமல் கொண்டு போனால், சத்தம் போடாமல் பின்னால போய்க் கேட்டு வாங்கிச் சுவாமியின்ர கையில குடுக்கச் சொல்லுங்கோ.

நாளைக்குச் சுவாமி வரேக்க கனூலாக் கதையைச் சொல்ல மறக்காதேங்கோ.