மைனர் ஸ்விங் ஆர்பெஜியோ ஏறுது, இறங்க மாட்டேங்குது! அவசரம்

புதுமீட்டல்: கிட்டார்ல ஜாங்கோ ரைன்ஹார்ட்டோட 'மைனர் ஸ்விங்' பழகுறேன். ஏ மைனர் ஆர்பெஜியோ (கார்டு நோட்டை ஒண்ணொண்ணா வாசிக்கிறது) ஏறும்போது வருது, இறங்கும்போது பிக் (மீட்டுற வில்லை) சிக்குது. ஈ7 கார்டுல நோட்டு சரிதான், ஆனா ஜாங்கோ பாணி ஜிப்ஸி ஜாஸ் மாதிரி கேக்கல. ஏ மைனர் 6 கார்டுல ஏதோ ஒரு கம்பி இரையுது. சனிக்கிழமை ஜாம். சொல்லுங்கப்பா.

ஆறாங்கம்பி: என்ன வேகம்? எந்த ஃப்ரெட்? பிக்கைக் கீழ-மேல (டவுன்-அப்) மாத்தி மாத்தியா, ரெஸ்ட் ஸ்ட்ரோக்கா (அடிச்ச பிக் அடுத்த கம்பியில போய் நிக்கிறது)? கார்டு எந்த வாய்ஸிங், அதாவது எந்தக் கம்பியில எந்த ஃப்ரெட்?

கெட்டிபிக்: பிக்தான் காரணம். மெல்லிசா இருந்தா வளைஞ்சு சிக்கும். 3 மி.மீ. வாங்குங்க, 10 கேஜ் தடிமன் கம்பி போடுங்க.

பழையகை: மாசம் மூணு தடவை இதே கேள்வி. தேடிப் பாக்கவே மாட்டீங்களா? பிக் மாத்தினா கை மாறிடுமா கெட்டிபிக்?
கம்பி மாறினா டவுன். இறங்கும்போதும் டவுன்தான். 1வது கம்பி 8வது ஃப்ரெட் டவுன், 5வது ஃப்ரெட் அப். அப்புறம் 2வது கம்பியில 5, 3ல 5, 4ல 7, 5ல 7, நாலும் டவுன். 6ல 8 டவுன், 5 அப். 1வது கம்பி தவிர மத்த ஒவ்வொரு டவுனும் கீழ இருக்கிற மெல்லிய கம்பியில போய் நிக்கும். அங்கிருந்து ரெண்டு கம்பி தாண்டித் தூக்கணும். கை பிரிட்ஜ்ல (கம்பியைத் தாங்குற கட்டை) ஒட்டியிருந்தா தூக்க முடியாது. மணிக்கட்டை வளைச்சு, பலகையில படாம வைங்க. மெட்ரோனோம் நிமிஷத்துக்கு 80.

ஆறாங்கம்பி: ஈ7க்கு ஈ நோட்டை விட்டுட்டு எஃப் சேருங்க: ஜி ஷார்ப், பி, டி, எஃப். அது ஜி ஷார்ப் டிமினிஷ்ட் கார்டு. 1வது கம்பியில ஃப்ரெட் 4, 7, 10, 13. 13லேர்ந்து 12க்கு இறங்கினா ஈ, அங்க ஏ மைனர் 6 வந்துடும்.
ஏ மைனர் 6 கார்டு 6வது கம்பியில 5வது ஃப்ரெட், 4ல 4, 3லயும் 2லயும் 5 தானே? இரையுறது 5வது கம்பியா இருக்கும். 6ஐ அழுத்துற நடுவிரல் நுனி அதைத் தொட்டு அடக்கணும். பாம்ப் (ஜிப்ஸி ஜாஸ் ரிதம்) அடிக்கும்போது 2வது, 4வது தட்டுல அடிச்ச உடனே இடது கையைத் தளர்த்துங்க.

கெட்டிபிக்: ஜாங்கோ சோலோவை 2 விரல்லயே வாசிச்சார். ஆர்பெஜியோவை ஆள்காட்டி, நடுவிரல்ல மட்டும் பழகுங்க.

பழையகை: 1928 தீ விபத்துல இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கினதால அப்படி. கார்டுக்கு அந்த ரெண்டு விரலையும் மெல்லிய கம்பியில வெச்சார். காயத்தையும் காப்பி அடிக்கணுமா?

கெட்டிபிக்: 2 விரல்னா ஒரே இடத்துல உக்கார முடியாது, கழுத்து நெடுக ஓடணும். அந்த ஓட்டம்தான் சத்தம். மேல சொன்ன 4, 7, 10, 13 என்னவாம்?

பழையகை: அது 4 விரல்லயும் ஓடும்.

புதுமீட்டல்: மாத்தி மாத்திதான் அடிச்சிட்டிருந்தேன். இப்ப மெட்ரோனோம் 90ல இறங்குது. இரைஞ்சது 5வது கம்பியேதான். நன்றி.

கெட்டிபிக்: பிக் எத்தனை மி.மீ.?