முதலில் கிளினிக் கொப்பியைக் கேளுங்கள்: வலிகாமம் வடக்கில் மருத்துவ முகாமும் வீடு கட்டலும்

நான் யாழ்ப்பாண நகரப் பக்கம். எங்கள் சபையின் வாலிபர் சங்கத்தில் இருந்த காலத்தில், 2018 ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்கு வந்த ஒரு திருச்சபைக் குழுவுக்கு மொழிபெயர்க்கப் போனேன். வைத்தியர் மூன்று பேர், தாதியர் இரண்டு பேர், மிச்சப் பேர் எல்லாரும் வீடு கட்டும் வேலைக்கு. மொத்தம் 12 நாள்.

இடம் வலிகாமம் வடக்கில் மயிலிட்டிப் பக்கம். 1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்த சனம், 2017 ஜூலையில் துறைமுகப் பகுதி இராணுவத்திடமிருந்து விடுபட்ட பிறகு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். சில வளவுகளில் வீடு இருந்த அடையாளமே இல்லை. பற்றைக்குள் கிணற்றுக்கட்டைத் தேடிப் பிடித்து, அதை வைத்துத்தான் "இதுதான் எங்கட காணி" என்றார்கள்.

அனுமதி வேலைகளுக்கு எங்கள் போதகர் மாதக்கணக்காக அலைந்தார். வெளிநாட்டு வைத்தியர் இங்கே நோயாளரைப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கை மருத்துவச் சபையில் தற்காலிகப் பதிவு வேண்டும். ஒருவருக்கு அந்தப் பதிவு நேரத்துக்கு வந்து சேரவில்லை. அவர் 12 நாளும் பிரஷர் அளந்துகொண்டும் வாசிப்புக் கண்ணாடி கொடுத்துக்கொண்டும் இருந்தார். இரண்டாம் நாள் பின்னேரம் சனம் வரிசையில் நெருக்கியபோது, "நீங்களும் பாருங்கோவன் டொக்டர்" என்று எத்தனையோ பேர் கேட்டும் அவர் மாட்டேன் என்றுவிட்டார். அவரில் எனக்குப் பெரிய மதிப்பு.

நான் சொல்ல வந்தது ஒரு ஆச்சியைப் பற்றி.

எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காலைப் பிடித்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். டொக்டர் அம்மா முகப்படங்கள் போட்ட ஒரு அட்டையைக் காட்டி, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ஆச்சி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இலக்கம் சொல்லுற நோ இல்லைப் பிள்ளை இது. உளையுது. விடிய விடிய உளையுது. பாதம் விறைக்குது."

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? எங்களுக்கு நோ வேறு, உளைவு வேறு, கடுப்பு வேறு, எரிவு வேறு, குத்து வேறு. உளைவு என்றால் எலும்புக்குள் இருந்து வருவது, பிடித்துவிட்டால் கொஞ்சம் ஆறுவது. விறைப்பு என்றால் செருப்புக் கழன்று போனாலும் தெரியாமல் நடப்பது. சீனி வருத்தக்காரர் வாயிலிருந்து "விறைக்குது" என்று வந்தால் அது நரம்பைப் பற்றிய செய்தி. எல்லாவற்றையும் "வலி" என்று ஒரே சொல்லில் போட்டால் அந்தச் செய்தி வைத்தியரிடம் போய்ச் சேராது. முதல் நாள் நான் அப்படித்தான் போட்டேன். அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. ஆச்சிக்குப் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு மூன்று வசனம் சொல்லி விளங்கப்படுத்தினேன். டொக்டர் அம்மா அவற்றைத் தன் கொப்பியில் எழுதிவைத்து, நாலாம் நாள் தானே "உளையுதோ? விறைக்குதோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் வரிசையில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இந்த மண்ணில் இது புதுக் கதையும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தவர், 1860களில் அந்தப் படிப்பைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, சத்திர சிகிச்சை, இரசாயனம் என்று நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அவர் எத்தனை சொல்லுக்காகத் தலையைப் பிய்த்திருப்பார் என்று அந்தக் கிழமைதான் எனக்கு உறைத்தது.

சரி, ஆச்சியின் கதைக்கு வருகிறேன். மருந்து ஏதும் போடுறீங்களோ என்று கேட்டதும், இடுப்பில் செருகியிருந்த கொட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். பாக்கு, இரண்டு பத்து ரூபாக் குற்றி, மடித்த வெள்ளைக் கடதாசி உறைகள் மூன்று, ஒரு வெள்ளிநிற அட்டையில் மிச்சம் நாலு குளிசை. உறைகள் ஆஸ்பத்திரியில் கொடுத்தவை. அவற்றில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று பேனையால் எழுதியிருந்தது. வெள்ளி அட்டை சில மாதத்துக்கு முன் வேறொரு முகாமில் கிடைத்ததாம். "வெளிநாட்டுக் குளிசை, நல்லதெண்டு சொல்லிச்சினம், அதையும் போடுறன்."

டொக்டர் அம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பெரிய எழுத்தில் கம்பனி வைத்த பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் லொசார்டன். ஆஸ்பத்திரி உறையில் இருந்ததும் லொசார்டன். ஒரே பிரஷர் குளிசையை இரண்டு பெயரில் ஆச்சி இரண்டு மடங்காகப் போட்டு வந்திருக்கிறார். இருக்கவைத்து அளந்தால் 100க்கு 60. எழுப்பி அளந்தால் 80க்கு 50. பிறகுதான் கேட்டோம், தலை சுத்துறதோ என்று. கிணற்றடியில் இரண்டு தரம் விழுந்திருக்கிறார். வயசு போனால் அப்படித்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவரில் என்ன பிழை? ஆஸ்பத்திரியில் குளிசையை எண்ணி உறையில் போட்டுத்தான் கொடுப்பார்கள், பெயர் அவர் கண்ணில் படாது. முகாமில் கொடுத்தவர்கள் அவரிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. எங்கள் குழுவும் முதல் இரண்டு நாள் அதே வேலையைத்தான் செய்தது. யாருடைய கிளினிக் கொப்பியையும், அதாவது ஆஸ்பத்திரியில் வருத்தத்தையும் மருந்தையும் எழுதிக் கொடுக்கும் கொப்பியை, பார்க்காமல் 11 பேருக்கு ஒரு மாதக் குளிசை கொடுத்துவிட்டிருந்தோம். அன்று இரவு பெயர்ப் பட்டியலை எடுத்து, மறுநாள் விடிய மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் தேடினோம். ஒருவரைக் கீரிமலையில் மகள் வீட்டில்தான் பிடித்தோம்.

அதிலிருந்து முதல் மேசையில் ஒரே கேள்விதான்: "கிளினிக் கொப்பி கொண்டுவந்தனீங்களோ?" இல்லையென்றால் எங்கள் பெடியன் ஒருவன் ஏற்றிப்போய் எடுத்துவருவான். என்ன பார்த்தோம், என்ன கொடுத்தோம், என்ன கொடுக்கவில்லை என்று டொக்டர் அம்மா அந்தக் கொப்பியிலேயே திகதி போட்டுத் தெளிவாக எழுதுவார். காலாகாலத்துக்குப் போட வேண்டிய மருந்து எதையும் நாங்கள் புதிதாகத் தொடங்குவதில்லை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குக் கடிதம் மட்டும். அங்கே மருந்து இலவசம், மாதம் மாதம் கிடைக்கும், அந்த மருந்தை அறிந்த வைத்தியரும் இருப்பார். நாங்களோ பன்னிரண்டாம் நாள் போய்விடுவோம்.

இதில் கோபப்பட்டவர்களும் உண்டு. "குளிசை தராட்டி ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்று ஒரு ஐயா கத்திவிட்டுப் போனார். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர். அவர் கேட்டது நியாயம் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். முகாமில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று ஊருக்குள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரியில் ஆச்சியைப் போய்ப் பார்த்தேன். கொப்பியை எடுத்து நீட்டினார். டொக்டர் அம்மா எழுதியதன் கீழே தெல்லிப்பழையில் ஒரு கோடு இழுத்து, வேறு கையெழுத்தில் குளிசை பாதியாக்கப்பட்டிருந்தது. தலை சுத்து இல்லையாம். கால் மட்டும் உளையுதாம்.

*

நான் வீடு கிடைத்த பக்கம். அதே ஊர்தான், நாங்கள் சைவம்.

28 வருசத்தில் எத்தனை இடத்தில் இருந்தோம் என்று எண்ணினால் ஒன்பது வரும். கொட்டில், தகரம், தறப்பாள், வாடகை அறை எல்லாம் பார்த்தாச்சு. கிளிநொச்சியில் என் அக்காவுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்து, தானே நின்று கட்டினவ. 2016இல் பொருத்து வீடு தரப்போகினம் என்று கதை வந்தபோது நாங்கள் எல்லாரும் பயந்தோம். இந்த வெயிலுக்குள் இரும்பு வீட்டில் எப்படி இருப்பது? எங்களுக்கு வேண்டியது கல்வீடு. அதைக் கேட்பது ஆடம்பரம் இல்லை.

தேவாலயத்தால் கட்டித் தருகினம் என்றதும் மாமா ஒருவர், "உதவி எண்டு வந்து பிறகு வேதத்துக்கு இழுப்பாங்கள், கவனம்" என்றார். அவர் சொன்னதிலும் காரணம் இருந்தது. அப்படி நடந்த இடங்களை நாங்கள் கேள்விப்பட்டுத்தான் இருக்கிறோம். நான் போதகரிடம் நேரே கேட்டேன். "வீட்டுக்கும் கோயிலுக்கும் சம்பந்தம் இல்லை அம்மா, நீங்கள் யாரைக் கும்பிட்டாலும் வீடு உங்களுக்குத்தான்" என்றார்.

அவர்களிடம் ஒரு பிளான் இருந்தது. மலசலகூடக் குழி பின்பக்கம், கிணற்றுக்கு அருகில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நாடாவோடு வந்து அளந்து பார்த்து, இந்தச் சுண்ணக்கல் நிலத்தில் வெடிப்பு வழியாக அழுக்கு நேரே கிணற்றுக்குப் போகும், குழியை வளவின் மற்றத் தொங்கலுக்குக் கொண்டுபோங்கோ என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் வெட்டியிருந்த அரைவாசிக் குழியை ஒரு சொல்லும் சொல்லாமல் மூடினார்கள். அலவாங்கு போட்டால் தீப்பொறி பறக்கிற கல். ஒரு பெடிச்சியின் உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம். அவள் துணியைச் சுற்றிக்கொண்டு மற்றக் குழிக்கு வந்து நின்றாள்.

எங்கள் ஊர் மேசன் முதல் நாளே சொல்லிவிட்டார், பன்னிரண்டு நாளில் வீடு முடியாது என்று. அரிந்த சீமெந்துக் கல்லுக்கு ஒரு கிழமையாவது தண்ணீர் விட வேண்டும், அத்திவாரம் இறுக வேண்டும். சபைப் பெடியள் ஒரு மாதத்துக்கு முன்பே கல் அரிந்து வைத்திருந்தபடியால்தான் யன்னல் மட்டம் வரையாவது எழும்பியது.

நிலை வைத்த அன்று நான் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நிலைக்குக் கீழே காசு வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றார்கள். நான் தேங்காய் உடைத்த பிறகு அவர்களுடைய போதகர், தான் ஒரு செபம் சொல்லலாமோ என்று மொழிபெயர்க்கிற பிள்ளை மூலம் கேட்டார். சொல்லுங்கோ என்றேன். என் மகள்மாரின் பெயரைக் கேட்டு அறிந்து, அவர்களுடைய பெயரைச் சொல்லித்தான் செபம் செய்தார். நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போன பிறகு காசு முட்டுப்பட்டுக் கூரை நின்றுவிட்டது. ஒக்டோபர் மழை தொடங்கிவிட்டது, கூரையில்லாத அறைக்குள் தண்ணீர் நின்றது. அந்த ஒரு மாதம் எனக்கு நித்திரை இல்லை. கட்டத் தொடங்குகிறவர்கள் கூரைக்குக் காசை முதலே எடுத்து வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். இதை நான் போதகரிடமும் சொன்னேன், அவர் ஓம் என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் சபையில் சேர்த்தது கொஞ்சம், அயலவர் தந்த பனஞ்சிலாகை கொஞ்சம். நவம்பர் முடிய முதல் ஓடு போட்டாச்சு. கூலி வாங்காமல் ஏறி வேய்ந்தவர் அந்த மாமா.

*

பதிவு வராமல் கண்ணாடி கொடுத்த ஆள் நான்தான். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவன், இப்போது ரொறன்ரோவில் வைத்தியம் பார்க்கிறேன். தமிழ் பேசுவேன். எழுதினால் பிழை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கடற்றொழிலாளர் அண்ணை, அறுபது வயதிருக்கும். டொக்டரிடம் போகமாட்டேன், கண்ணாடி மட்டும் தாருங்கோ என்றார். வாசிப்பு அட்டையை நீட்டினேன். தான் எழுத்து வாசிக்கிறதில்லை என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் எழும்பிப் போய்விட்டார், கோபம் போல என்று நினைத்தேன்.

மறுநாள் வலையின் ஒரு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மேசையில் விரித்து, வலை பின்னும் ஊசியை எடுத்தார். நான் ஒவ்வொரு கண்ணாடியாகக் கொடுக்க, அவர் போட்டுப் போட்டுக் கண்ணிக்குள் ஊசியை விட்டுப் பார்த்தார். 1.5, 2, 2.25. 2.5ஐப் போட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். விரல் தானாக ஓடத் தொடங்கியது. கிழிந்த இடம் முழுதையும் அங்கேயே இருந்து பொத்திவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார். இரண்டு வருசமாக மகன்தான் பொத்துகிறானாம், அவன் முடிச்சு சரியில்லையாம்.

அந்த நேரத்தைப் பார்த்துத்தான், கையைத் தாங்கோ அண்ணை என்று பிரஷர் அளந்தேன். 190க்கு 110. சற்று நேரம் இருக்கவிட்டுத் திரும்ப அளந்தேன், அதேதான். என்னால் மருந்து எழுத முடியாது. அருகில் இருந்த டொக்டர் அம்மாவைக் கூப்பிட்டேன், அவரும் வந்து பார்த்து, தெல்லிப்பழைக்குக் கடிதம் எழுதினார். அண்ணை கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, "கடல் அடங்கட்டும், போறன்" என்றார். போகமாட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

நான் கனடா திரும்பி மூன்றாம் கிழமை, மொழிபெயர்த்த தங்கை ஒரு படம் அனுப்பினா. புதுக் கிளினிக் கொப்பி. மட்டையில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளே அடுத்த கிளினிக் திகதி எழுதியிருந்தது.